பேய் கேட்டது தூக்கம்

என் சின்ன அத்தைக்குப் பேய் பிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்போது மங்கலம்பேட்டை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. கடலூர் என்று தனியாகப் பிரித்தது 1993இல்தான். அத்தையை உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கையில் நான்கு மாதக் குழந்தை. ராத்திரியில் யாரோ நெஞ்சின்மேல் ஏறி உட்காருகிறார்கள், கண் திறந்திருக்கிறது, கைகால் அசையவில்லை, கத்தினால் சத்தம் வரவில்லை என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு பகலிலும் வெறித்துப் பார்க்கத் தொடங்கினாள். உலை பொங்கி அடுப்பு அணைந்தது தெரியாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம். ஒருநாள் குழந்தையைத் திண்ணையில் விட்டுவிட்டுக் கரும்புக்கொல்லைப் பக்கம் நடந்து போய்விட்டாள். அங்கேதான் பிடித்தது என்று அந்த வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

அமாவாசையன்று எங்கள் ஊருக்கே கொண்டுவந்தார்கள். பேய் ஓட்டும் செலவு பொறந்த வீட்டுடையது. ஊருக்கு வெளியே, புளியமரத்துப் பக்கம், பம்பைக்காரர்கள் மூன்று பேர். பெண்பிள்ளைகள் வரக்கூடாது என்று சொல்லியும் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன். அத்தையின் தலையை விரித்துவிட்டார்கள். பம்பை ஏற ஏற அவள் சுழன்றாள். “யாரு நீ? எந்த ஊரு? எங்க புடிச்ச?” ஒவ்வொரு கேள்விக்கும் வேப்பிலை அடி. பதில் வரவில்லை. அப்புறம் பெரிய பம்பைக்காரர் குரலைத் தணித்துப் பேரம் பேச ஆரம்பித்தார். “என்னா வேணும் சொல்லு, குடுத்து அனுப்புறேன். சாராயமா? சுருட்டா? கோழியா?”

அத்தை சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னாள்: “தூக்கம் வேணும். என்னத் தூங்க வுடுங்கடா.”

கூட்டம் சிரித்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, என் அப்பாவும் சிரித்தார். “பாரு, நம்மகிட்டயே வெளையாடுது” என்றார் பம்பைக்காரர். கடைசியில் கறுப்புக் கோழி என்று அவரே தீர்த்து, உச்சிமயிரில் ஒரு கற்றையை அறுத்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள்.

அன்றிரவிலிருந்து அத்தை எங்கள் வீட்டில் மூன்று நாள் தூங்கினாள். ஆயா குழந்தையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டது. பால் கொடுக்க மட்டும் கொண்டுபோய்க் கிடத்தும், பிறகு தூக்கிக்கொண்டு வந்துவிடும். நான்காம் நாள் அத்தை தலைக்கு ஊற்றிக்கொண்டு, என்னைக் கூப்பிட்டுப் பேன் பார்த்தாள். பேய் போய்விட்டது. பெயர் பம்பைக்காரருக்கு. மூன்று இரவு குழந்தையை வைத்துக்கொண்டிருந்த ஆயாவுக்கு ஒரு வெற்றிலைகூட யாரும் வாங்கித் தரவில்லை.

அந்தப் பேய் கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு வாதாட வேண்டும் என்று பல வருஷமாக எனக்கு எண்ணம். பெண்ணின் மனம் நிலைதடுமாறினால் ‘உள்ளே யார் வந்தது’ என்று கேட்கிற ஒரு சமூகம், ‘நேற்று எத்தனை மணிநேரம் தூங்கினாய்’ என்று ஏன் ஒருமுறைகூடக் கேட்பதில்லை?

முதலில் உடம்பின் கணக்கு. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் தூங்குகிறவர்களின் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும் ஒரு கட்டம் இருப்பதை எழுதினார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவைச் சொன்னார்கள். தூக்கம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக வருகிறது. கனவுக் கட்டம் முன்னிரவில் சில நிமிடங்கள்தான், விடியலை நெருங்க நெருங்கத்தான் நீளும். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை கைகால்களின் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடுகிறது. தூக்கம் துண்டு துண்டானவர்களுக்கு, பலநாள் தூங்காதவர்களுக்கு, விழிப்பு வந்த பிறகும் அந்தத் தளர்ச்சி விலகாமல் சில கணங்கள் நின்றுவிடுவது அதிகம். கண் திறந்திருக்கும், அறை தெரியும், கனவின் ஆள் மட்டும் போகாமல் நெஞ்சின்மேல் இருப்பான். ஸ்லீப் பராலிசிஸ் என்கிறார்கள். நம் ஊர்களில் அமுக்குவான் பேய். நான்கு மாதக் குழந்தையோடு இரவெல்லாம் எழுந்து, நான்கு மணிக்கு மறுபடி எழுந்து சாணம் தெளித்து, பகலில் களை வெட்டப் போன ஒருத்தியிடம் அமுக்குவான் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நான்கு மணி என்பதை மறுபடி பாருங்கள். கனவு நீளும் நேரம் அதுதான். விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பவளே குடும்பப்பெண் என்று வைத்த முறை, அவளுடைய தூக்கத்திலிருந்து குறிப்பாகக் கனவுகளைத்தான் வெட்டி எடுத்துக்கொள்கிறது. என் வகுப்பில் ஒருமுறை கவிதைப் பயிற்சிக்காக மாணவிகளைக் கனவு எழுதிவரச் சொன்னேன். சுற்றுக் கிராமங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைகள். ஒருத்தி வெறும் தாளோடு வந்தாள். “பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தா கனவு எப்பம்மா வரும்?” என்று கேட்டாள். அவளுடைய தம்பி ஆறரைக்கு எழுகிறான். அவனுக்குக் கனவு வருகிறதாம், கிரிக்கெட் கனவு.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97. அந்த 97கூட எல்லா ஆண்களுடையதும் இல்லை. அந்த வேலையில் கைவைத்தவர்களுடையது, அவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். தூங்கிய நேரத்தில் இருபாலருக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று இதே ஆய்வைக் காட்டி ஒருவர் என்னிடம் வாதாடினார். அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து மறுநாள் கேட்டு எழுதுகிற கணக்கு அது. நடுவில் குழந்தை சிணுங்கியதற்கு, மாமனார் இருமியதற்கு, குடித்துவிட்டு வந்தவருக்குக் கதவு திறந்ததற்கு எழுந்தது அதில் எப்படி விழும்? பாயில் கிடந்த நேரமெல்லாம் தூக்கமாகிவிடாது.

இனி என் துறைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த அநியாயத்துக்குச் சொல் சேர்த்துக் கொடுத்ததில் தமிழுக்கும் பங்கு உண்டு. பாம்பணையில் படுத்திருக்கும் திருமாலின் தூக்கத்துக்கு நம்மிடம் ‘அறிதுயில்’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. தூங்குவதுபோல் இருந்தாலும் எல்லாம் அறிந்திருப்பாராம். சிதம்பரத்தில் ஆடுகிறவரும் கிடக்கிறவரும் ஒரே கோயிலுக்குள் இருக்கிறார்கள். கோவிந்தராசர் கிடந்தபடியே இருக்கிறார், நடராசரின் பாதுகையை இரவில் பல்லக்கில் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். கடவுள் தூங்கினால் விழா. ஆனால் தூக்கத்துக்கே ஒரு தெய்வம் இருந்தாளே, அவள் யார்? மூதேவி. மூத்த தேவி என்ற நல்ல பெயர், தவ்வை, சேட்டை. பல்லவர் காலத்துக் கோயில்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்த கோலத்தில் அவள் சிலை இருந்தது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் அவளைக் கும்பிடுகிறவர்களைக் கேலி செய்தார். பிறகு அவளைக் கோயிலுக்கு வெளியே தூக்கிப் போட்டார்கள். இன்று அவள் பெயர் பகலில் கண்ணயர்ந்த பெண்ணை வைய மட்டும் பயன்படுகிறது. “மத்தியானத்துல தூங்குறியே மூதேவி” என்று ஓர் ஆணை யாராவது வைது கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்று. பெண்ணை எழுப்புவது நம் இலக்கியத்தில் ஒரு பாட்டுவகை. திருப்பாவையில் பத்துப் பாட்டு தூங்கும் பெண்களின் வாசலில் நின்று எழுப்புகின்றன. திருவெம்பாவையிலும் அதே வேலை. அவை அழகான பாட்டுகள், நானே மார்கழியில் பாடியவள்தான். தூங்கும் பெண்ணைக் கேலி செய்து எழுப்பும் அந்தத் தொனியை ஒரு நாற்பது வயதுக்குப் பிறகுதான் எனக்குக் காது கொடுத்துக் கேட்க முடிந்தது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் தோழியிடம் சொன்ன கனவு மட்டும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அது கல்யாணக் கனவு, மாப்பிள்ளை பெருமாள். அதே நூலில் அவள் தன் உடம்பின் தாபத்தைச் சொன்ன இடங்களை எந்த மண்டபமும் பாடுவதில்லை. தெலுங்கில் பெண்கள் வீட்டுக்குள் பாடிவந்த ராமாயணப் பாட்டுகளில் ஊர்மிளை பதினான்கு வருஷம் தூங்குகிறாள். புருஷன் அண்ணனோடு காட்டுக்குப் போய்விட்டான், இவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டாள். எந்தப் பெருங்கவிஞருக்கும் தோன்றாத இந்த ஏற்பாடு, அடுப்படியில் நின்று பாடியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

பெண் கண்ட கனவை ஆண்கள் கேட்டார்களா என்றால், சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். கண்ணகி கண்ட கனவு நடக்கப்போவதை முன்கூட்டியே காட்டியது. குளத்தில் மூழ்கி வழிபடச் சொன்ன தேவந்தியிடம் அது பெருமையல்ல என்று மறுத்துவிட்டாள். பாண்டியனின் தேவியும் கனாக் கண்டு அரசனிடம் சொன்னாள். அதற்குள் கண்ணகி வாயிலுக்கு வந்துவிட்டாள். திருக்குறளில் கனவுநிலை உரைத்தல் என்று ஒரு அதிகாரமே பெண்ணின் வாய்மொழியாக இருக்கிறது. ஆனால் பத்துக் குறளிலும் அவள் வராதவனையே கனவு காண வேண்டியிருக்கிறது. வேறெதையும் கனவு காண அவளுக்கு நேரம் தரப்படவில்லை.

பம்பைக்காரரின் முன்னோரும் நம் பாடத்தில் இருக்கிறார். மகள் மெலிகிறாள், தூங்கவில்லை, பேச்சில்லை; தாய் வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்துகிறாள். முருகு பிடித்தது என்கிறான் வேலன். ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே ‘வெறிப்பத்து’ பாடியிருக்கிறார். அந்தப் பாட்டுகளில் எனக்குப் பிடித்தவள் தோழி. அவளுக்கு உண்மை தெரியும். வேலனைக் கேலி செய்கிறாள், நோய்க்குக் காரணம் வேறு என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்லத் துணிகிறாள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் வெறியாடும் களத்தில் அப்படி ஒருத்திக்கு இடம் இருந்தது, பாட்டிலாவது இருந்தது. எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் இல்லை. அம்மா அன்று வாயைத் திறக்கவில்லை. “தூங்குனா செரியாப் பூடும்னு எனக்குத் தெரியும்டி. யாருகிட்ட சொல்றது?” என்று அவள் என்னிடம் சொன்னபோது நான் முனைவர் பட்டம் முடித்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதே தென்னாற்காட்டில், செஞ்சி, மேல்மலையனூர் பக்கம், இசபெல் நபொகோவ் என்ற மானிடவியலாளர் பேயோட்டுச் சடங்குகளைக் கூடவே இருந்து பார்த்தார். 1997இல் கட்டுரையாகவும் 2000இல் புத்தகமாகவும் எழுதினார். அவர் பார்த்த பேய் பிடித்த பெண்களில் பெரும்பாலோர் கல்யாணமாகிச் சில வருஷமே ஆனவர்கள். பிடித்த பேய்கள் பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்கள். சடங்கு முடிவில் மயிர்க்கற்றை மரத்தில் ஆணியறையப்படும், பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்புவாள். கள்ளக் காதலனை விரட்டி மனைவியை மீட்டுத் தருகிற வேலையைச் சடங்கு செய்கிறது என்பது அவர் வாதம். அதை வாசித்தபோது புளியமரத்து ஆணி எனக்குள் இறங்கியது. அவர் கேள்வி தூக்கம் பற்றியது இல்லை. என் அத்தையின் பேய்க்கு அவர் புத்தகத்தில் இடமும் இல்லை, ஏனென்றால் அது தன்னை யாரென்றே சொல்லவில்லை, எந்த இளைஞனின் பெயரையும் தரவில்லை. ஆனால் முடிவு ஒன்றுதான். நான்காம் நாள் மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார்.

2005இல் வந்த ‘சந்திரமுகி’யை நினைத்துப் பாருங்கள். அதில் பேய் கிடையாது, மனநோய் என்று படம் சொல்கிறது. மனநல மருத்துவராக ரஜினிகாந்த். முற்போக்கு என்று கைதட்டினோம். மருத்துவரும் மந்திரவாதியும் கைகோத்து ஒரு நாடகம் நடத்தி, ஜோதிகாவின் கங்காவை நினைவில்லாமல் சாய்த்து, புருஷன் கையில் ஒப்படைக்கிறார்கள். பம்பை இல்லை, பாட்டு இருக்கிறது. அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று விழித்திருக்கும்போது யாரும் கேட்கவே இல்லை.

பகுத்தறிவு பேசுகிற தோழர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. ஒரு கருத்தரங்கில் ஒருவர் மேடையிலேயே, “பேய்க்குக்கூட வயசுப்பொண்ணுதான் வேணும் போல” என்றார். அரங்கமே சிரித்தது, புளியமரத்தடியில் சிரித்த அதே சிரிப்பு. பேய் இல்லை, எல்லாம் நடிப்பு என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததா? பேய் இல்லை என்பது எனக்கும் தெரியும். அங்கே ஒருத்தி இருந்தாள், அவள் ஒன்றைக் கேட்டாள். பூசாரி அவள் குரலைப் பேயுடையதாக்கினார், நீங்கள் பொய்யாக்கினீர்கள். ஐரோப்பாவில் இதற்கு ஹிஸ்டீரியா என்று கருப்பையின் பெயரை வைத்தார்கள். எங்கும் யாரும் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சாமியாடும் பெண்களை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் ஒதுக்க என்னால் முடியவில்லை. வருஷத்துக்கு ஒருநாள் மாமியாரை “ஏண்டி” என்று கூப்பிட்டுக் கணக்குக் கேட்க ஒருத்திக்கு வேறு என்ன வழி வைத்திருந்தோம்?

நினைவு புரளும் அனுபவம் ஆணுக்கு வந்தால் என்ன பெயர் பெறுகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். 1896இல் மதுரையில் பதினாறு வயது வேங்கடராமன் திடீரென மரணபயம் வந்து தரையில் கிடந்தார்; உலகம் அவரை ரமண மகரிஷி என்றது. எங்கள் மாவட்டத்து வள்ளலார் தூக்கத்தைக் குறைக்கச் சொன்னார். அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை. 1867இல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. ஆனால் தூக்கத்தைத் துறக்க, முதலில் அது ஒருவரிடம் இருக்க வேண்டும். என் அத்தை அந்த நான்கு மாதத்தில் விழித்திருந்ததை யாரும் தவம் என்று சொல்லவில்லை. அதே பதினாறு வயதில் ஒரு பெண் அப்படித் தரையில் கிடந்திருந்தால் அமாவாசை எப்போது என்று நாள்காட்டியைப் பார்த்திருப்பார்கள். காரைக்கால் அம்மையார் ஒருவர்தான் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். பெண்ணுடம்பை உதிர்த்துவிட்டுப் பேயுருவை வாங்கிக்கொண்டு, பாட்டில் தன் பெயரையே பேய் என்று எழுதினார். பேயை யாரும் நான்கு மணிக்கு எழுப்ப மாட்டார்கள்.

பேயோட்டிகளிடமிருந்து மருத்துவத்துக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்துவந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டிவைத்திருந்த 28 பேர் இறந்தார்கள். சங்கிலியோடு தூங்கப் போனவர்கள். 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது, நல்லது. இன்று அத்தைக்குச் சங்கிலி இல்லை, மாத்திரை இருக்கிறது. அறுபதைத் தாண்டிவிட்டாள். ஒரு மருத்துவர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொடுத்த சீட்டு, பல வருஷமாக மருந்துக்கடையில் அதே சீட்டு. போட்டுக்கொண்டால் ஐந்து மணிநேரம் பிணம்போல் கிடக்கிறாள், கனவே இல்லை என்கிறாள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், யார் எழுப்புகிறார்கள், எதற்காக எழுப்புகிறார்கள் என்ற மூன்று கேள்வியை அந்த மருத்துவரும் கேட்கவில்லை. இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஸ்கூல் வேன் ஆறே முக்காலுக்கு வருகிறது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டில் தாய்ப்பால் பற்றி ஆலோசனை சொல்லப் போகிற சுகாதாரச் செவிலியர், இரவில் குழந்தையை யார் தூக்குகிறார்கள் என்று புருஷனை உட்காரவைத்துக் கேட்கட்டும். நெஞ்சில் ஏதோ உட்காருகிறது என்று சொன்னவளுக்குத் தாயத்துக்கோ மாத்திரைக்கோ முன்னால் மூன்று இரவு கொடுத்துப் பார்க்கட்டும், ஆயா கொடுத்ததுபோல. சும்மா இல்லை, மூன்று இரவு என்பது இன்னொருவர் மூன்று இரவு விழித்திருப்பது. அந்த இன்னொருவர் இனியும் ஒரு கிழவியாகவே இருக்க வேண்டாம்.

பேய் ஓட்டி மூன்று வருஷம் கழித்து அத்தை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். விருத்தாசலம் பக்கத்தவர்களுக்குத் தெரியும், அந்த முருகனிடம் பிராது கொடுக்கலாம். வெள்ளைத்தாளில் பெயர், ஊர், குறை எல்லாம் எழுதி, கட்டணம் கட்டி, பூசை செய்து, முனியப்பர் சன்னிதியில் கட்ட வேண்டும். குறை தீர்ந்தால் மறுபடி வந்து ராஜினாமா எழுதிக்கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். அத்தைக்கு எழுத வராது, எழுதியது நான். தூக்கம் வரணும், ராத்திரியில யாரும் எழுப்பக் கூடாது என்று எழுதச் சொன்னாள். பக்கத்தில் நிலத்தகராறு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாமா சாமிகிட்ட பிராது என்றார். அத்தை, “நீ எழுது பாப்பா” என்றாள்.

போன தை மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது அந்தப் பிராது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நினைவிருக்கிறதாம். ராஜினாமா எழுதவே இல்லையே, ஒருநாள் போய்விட்டு வரலாமா என்றேன். பேரனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: “நா எங்கடி தூங்குனேன், ராஜினாமா எழுத?”